ஓடிபி உன் ஃபோனுக்குத்தான் வருது

தினேஷு, பாப்பாவோட காதுல தையல் போட்டிருக்குது. முதல்ல அதைத் தெரிஞ்சிக்க. கம்மலோட சேத்து அறைஞ்ச பாரு, கம்மல் காது மடலைக் கிழிச்சிக்கினு வெளிய வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் முடிச்சு நான் வீட்டுக்கு வர்றப்ப, அவ கதவுக்குப் பின்னாடி உக்காந்து துண்டைக் காதுல அழுத்திப் பிடிச்சிருந்தா. துண்டு பூரா ரத்தம். நீ பெங்களூர் ரயிலுக்குப் போய்ட்ட. "அண்ணன் அடிச்சானா"ன்னு கேட்டேன். "இல்லம்மா, பேசிக்கினு இருந்தோம், கை பட்டுடுச்சு"ன்னா. அடி வாங்கிட்டு உன்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு பொய் சொல்ற பொண்ணு அது. லேப்டாப் ரெண்டா உடைஞ்சு கட்டிலுக்கு அடியில கிடந்துது. கை பட்டு லேப்டாப் கட்டிலுக்கு அடியில போகுமாடா? ஆஸ்பத்திரியில தையல் போட்ட நர்சம்மா என்னைத்தான் முறைச்சிப் பாத்தாங்க. நான்தான் அடிச்சேன்னு நினைச்சாங்க போல.

ஃபோன்ல பேசினா நான் கத்துவேன், நீ "மீட்டிங்ல இருக்கேன்மா"ன்னு கட் பண்ணுவ. திங்கக்கிழமை அதுதானே நடந்துது. அதனால பேப்பர்ல எழுதறேன். கட் பண்ண முடியாது பாரு. எழுதி முடிச்சதும் ஃபோட்டோ எடுத்து நம்ம குடும்ப குரூப்புல போடப்போறேன். அதுல நாட்றம்பள்ளி சித்தப்பா இருக்காரு, உன் சேகர் மாமா இருக்கான், உங்கப்பா பக்கத்து அத்தைங்க அத்தனை பேரும் இருக்காங்க. எல்லாரும் படிக்கட்டும். புள்ளைகிட்ட ரகசியமா கெஞ்சற அம்மா வேற எங்கியாவது இருப்பா, போய்த் தேடிக்க.

குரூப்புல படிக்கிறவங்களுக்கும் புரியணும், அதனால விஷயத்தை முழுசா சொல்லிடறேன். சந்தியா, அதான் நம்ம பாப்பா, பிளஸ் டூவுல நல்லா மார்க் எடுத்திருக்கா. இஞ்சினியரிங் கவுன்சிலிங்ல இப்ப அவ முறை. எந்தக் காலேஜ், எந்தப் படிப்புன்னு கம்ப்யூட்டர்ல வரிசையா போட்டுக் குடுக்கணும். எது மேல இருக்குதோ அதைத்தான் முதல்ல பாத்து சீட் குடுப்பாங்க. நம்ம பாப்பா முதல் இடத்துல போட்டது சென்னையில லெதர் டெக்னாலஜி. ரெண்டாவது கெமிக்கல். கம்ப்யூட்டர் சயின்ஸை எங்கியோ கீழ போட்டிருந்தா. ஞாயித்துக்கிழமை நீ அதைப் பாத்துட்டு, அவளை அறைஞ்சிட்டு, உன் ஃபோன்லயே உள்ள போய் வரிசையை மாத்திட்ட. கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் மேல. லெதர் இருந்த இடமே தெரியாம எடுத்துட்ட. அதோட விட்டியா? பாஸ்வேர்டையும் மாத்திட்ட. இனிமே பாப்பா உள்ள போகணும்னா பாஸ்வேர்டு மறந்துடுச்சுன்னு போட்டு ஒரு ஓடிபி வாங்கணும். அந்த ஓடிபி உன் ஃபோனுக்குத்தான் வருது. புதன்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு எந்த வரிசை இருக்குதோ அதுவே முடிவு. அப்புறம் சாமியே வந்தாலும் மாத்த முடியாதாம்.

உன் நம்பரை ஏன் குடுத்தோம்? நான் ஷூ கம்பெனியில வேலை செய்யறவ. காலைல உள்ள போறப்பவே கேட்டுல ஃபோனை வாங்கிப் பொட்டியில போட்டுடுவாங்க, சாயந்திரம்தான் கைக்கு வரும். பாப்பாவுக்குத் தனி ஃபோன் வேணாம், படிப்பு கெட்டுடும்னு சொன்னது நீ. சரி, படிச்ச புள்ள, பெரிய கம்பெனியில இருக்கான், பொறுப்பா பாத்துக்குவான்னு உன் நம்பரைப் போட்டோம். இந்த ஊர்ல ஷூ கம்பெனிக்குப் போற பொம்பளைங்க பாதிப் பேர் இதைத்தான் பண்றாங்க. தம்பி நம்பர், மச்சான் நம்பர், பக்கத்து வீட்டுக்காரன் நம்பர். நேத்து அரை நாள் லீவு போட்டு கவுன்சிலிங் உதவி மையத்துக்குப் போய் நம்பரை மாத்தித் தாங்கன்னு கேட்டேன். மாத்தலாம்மா, ஆனா பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லணும்னான் அங்க இருந்த பையன். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சிக்கினே வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல அழுதேன்.

நீ ஏன் அடிச்சன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத. தோல்னு சொன்னாலே உனக்கு அந்தத் தொட்டிதான் ஞாபகம் வரும். எனக்கும்தான். உங்கப்பா வேலை செஞ்ச, தோல் பதப்படுத்தற ஷாப்புல, பின்னாடி கழிவுத் தண்ணி போற தொட்டி. அடைப்பு எடுக்க ஒரு சின்னப் பையனை இறக்கிவிட்டாங்க. அவன் இறங்கின உடனே விழுந்துட்டான். மேல நின்ன எல்லாரும் கத்திக்கினு இருக்கிறப்ப உங்கப்பா ஒருத்தர்தான் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு ஏணியில கால் வெச்சாரு. யாரோ கூப்பிட்டாங்களாம், திரும்பிக்கூடப் பாக்கலியாம். பாதி ஏணியில கை விட்டுடுச்சு. அவரைக் கயித்துல கட்டி மேல இழுத்தப்ப தலை சிமெண்டு விளிம்புல இடிச்சு இடிச்சு வந்துது. அதை நீ பாத்த. நான் கம்பெனியில இருந்து ஓடி வர்றதுக்குள்ள நீ பாத்துட்ட. உடம்பு பூரா சேறு, வாய்க்குள்ள சேறு. நான் முந்தானையால துடைக்கத் துடைக்க வந்துக்கினே இருந்துது.

அப்புறம் கேட்டுல நடந்ததும் உனக்கு மறந்திருக்காது. உடம்பை எடுக்க மாட்டோம்னு ஜனங்க ரோட்டுல உக்காந்தாங்க. மேனேஜர் கார் பின்பக்கமா போகப் பாத்துது. நீ முதல் கல்லை விட்ட. கண்ணாடி உடைஞ்சுது. அப்புறம் யார் யார் விட்டாங்கன்னே தெரியல, கல்லு, செருப்பு, கைக்குக் கிடைச்சதெல்லாம் பறந்துது. போலீஸ் வந்து லத்தியால வெளுத்தாங்க. பத்தாவது படிக்கிற புள்ளன்னு பாக்காம உன் கையை அடிச்சு உடைச்சாங்க. இன்னைக்கும் உன் வலது கை மணிக்கட்டு கொஞ்சம் கோணலாத்தான் இருக்குது. அதே கையாலதான் ஞாயித்துக்கிழமை அறைஞ்சிருக்க.

ஆனா அன்னைக்கு நீ பாக்காத ஒண்ணு இருக்குது. உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போன அப்புறம், அந்த ஷாப்போட டெக்னீஷியன் ஒருத்தன் கர்ச்சீப்பை மூக்குல வெச்சிக்கினு வந்தான். அவன் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்றான்: "மூடியைத் திறந்து காத்தாட விட்டு, கேஸ் இருக்குதான்னு மெஷின் வெச்சு பாத்துட்டுத்தான் சார் ஆளை இறக்கணும். இதெல்லாம் காலேஜுலயே சொல்லிக் குடுக்கிற விஷயம்." எனக்கு அப்ப இன்னா வந்துதுன்னு தெரியல. அவன் காலரைப் பிடிச்சு இழுத்து மூஞ்சியைப் பிறாண்டிட்டேன். என் நகத்துல அவன் தோலு. ரெண்டு போலீஸ்காரம்மா என் முடியைப் பிடிச்சு இழுத்துத்தான் பிரிச்சாங்க. என் புடவையைப் பிடிச்சிக்கினு நின்ன பாப்பா எல்லாத்தையும் பாத்துக்கினு இருந்தா. நான் பிறாண்டினதுதான் அவளுக்கு ஞாபகம் இருக்கும்னு இத்தனை வருஷமா நினைச்சிக்கினு இருந்தேன்.

இல்லடா. அவளுக்கு ஞாபகம் இருந்தது அவன் சொன்ன வார்த்தை. போன மாசம் லெதர் படிக்கப் போறேன்னு அவ சொன்னப்ப, எனக்கும் ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. கையில இருந்த தோசைக் கரண்டியை ஓங்கிட்டேன். "உங்கப்பனை முழுங்கின எடத்துக்கே போறியாடி"ன்னு கேட்டேன். அவ நகரவே இல்ல. அடிக்கிறதுன்னா அடிம்மான்ற மாதிரி நின்னா. அப்புறம் சொன்னா: "அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருந்துதும்மா. அப்பாவுக்குத் தெரியல. தெரிஞ்சவன் ரூமுக்குள்ள உக்காந்திருந்தான். நான் தொட்டி மேல நிப்பேன். இறங்காதீங்கன்னு சொல்லுவேன். கேக்காம எவனாவது ஏணியில காலை வெச்சா இழுத்துப் போட்டு அடிப்பேன்." கரண்டியைக் கீழ வெச்சிட்டேன். தோசை கருகிப் போச்சு. அடிப்பேன்னு சொன்னா பாரு, அப்பதான் இவ என் வயித்துல பொறந்தவதான்னு தெரிஞ்சுது. நீ அவளை ஒரு வார்த்தை கேட்டியா? ஏன் லெதர்னு கேட்டியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பா. கேக்கறதுக்கு முன்னாடியே கை வந்துடுச்சு உனக்கு.

இப்ப உன் கதைக்கு வர்றேன். குரூப்புல இருக்கிறவங்களுக்கு இது பாதிதான் தெரியும். சேகரு, நீயும் படி. உன்னைப் பத்தி எழுதறதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா குரூப்புலயே சொல்லு.

உங்கப்பா போன அப்புறம், தாய்மாமன் நான் இருக்கேன்னு வந்து நின்னவன் சேகர்தான். அதை நான் இல்லேன்னு சொல்லல. வேலூர் லாங் பஜார்ல அவனுக்கு செல்ஃபோன் கடை. பிரௌசிங், அப்ளிகேஷன் எல்லாம் அங்கியே பண்ணித் தருவான். உன் கவுன்சிலிங் வந்தப்ப, "நீ ஷிஃப்ட்டுக்குப் போறவ, ஓடிபி வந்தா யாரு பாக்கிறது? என் நம்பரைப் போடுக்கா"ன்னான். நல்லதாப் போச்சுன்னு போட்டேன். நீ கம்ப்யூட்டர் படிக்கணும், கோயம்புத்தூர் போகணும்னு ராவும் பகலும் அதே பேச்சா இருந்த. வரிசையை நீயே எழுதிக் குடுத்த. கடைசி நாள் மத்தியானம் எதுக்கும் ஒரு தடவை பாக்கலாம்னு உள்ள போகப் பாத்தா பாஸ்வேர்டு வேலை செய்யல. மாமனுக்கு ஃபோன் போட்டா, "உனக்கு நல்ல காலேஜா போட்டிருக்கேன்டா, பக்கத்துலயே, மெக்கானிக்கல், எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க நடத்தற எடம்"ங்கிறான். ஆள் சேத்து விடறேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டான். நீ சைக்கிளை எடுத்துக்கினு எங்க கம்பெனி கேட்டுக்கு வந்து நின்ன. செக்யூரிட்டி வந்து என்னைக் கூப்பிட்டான். கேட்டு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கினு நீ அழுத அழுகை இருக்குது பாரு, அப்பா செத்தப்பகூட நீ அப்படி அழல.

நான் அப்ப தோலை மடக்கி சுத்தியால தட்டுற வேலையில இருந்தேன். சுத்தி ஏப்ரன் பாக்கெட்டுலயே இருந்துது. கேட் பாஸ் இல்லாம விடமாட்டேன்னு செக்யூரிட்டி கையை நீட்டி மறிச்சான். தள்ளிவிட்டேன், நாற்காலியோட விழுந்தான். ஆம்பூர்ல வேலூர் பஸ்ஸு ஏறினோம். ஏப்ரனோட நான், பக்கத்துல மூக்கை உறிஞ்சிக்கினு நீ. விரிஞ்சிபுரம் தாண்டறப்ப, "மா, மாமாகிட்ட சண்டை போடாதம்மா, பேசிப் பாரும்மா"ன்ன. சரின்னேன். நிஜமாவே பேசிப் பாக்கத்தான் போனேன்.

பேசினேன். "இன்னாக்கா, வேலைக்குப் போவலியா?"ன்னு சிரிச்சான். ஓடிபி நம்பரைச் சொல்லு, புள்ள மாத்திக்கட்டும்னேன். "அக்கா, இது படிப்பு விஷயம், உனக்குப் புரியாது. அப்பன் இல்லாத புள்ள, நல்லது கெட்டது நான்தான் பாக்கணும். அவன் நல்லதுக்குத்தான் செய்யறேன்"னான். சொல்லிட்டு ஃபோனை சட்டைப் பாக்கெட்டுல போட்டு மேல தட்டினான் பாரு. அந்தத் தட்டுல எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. முதல் அடி கண்ணாடிப் பொட்டி மேல. உள்ள இருந்த புது ஃபோனெல்லாம் கண்ணாடித் தூளோட சேந்து தரையில கொட்டுச்சு. ரெண்டாவது அவன் கம்ப்யூட்டர் டிவி. "அக்கா, அக்கா"ன்னு எழுந்து வந்தான். மூணாவது அவன் வாயில. பல்லு உடையற சத்தம் எனக்குக் கேட்டுது. அவனோட எந்த எடத்துல வேணும்னாலும் அடிக்க என் கை தயாரா இருந்துது, அந்தச் சட்டைப் பாக்கெட்டைத் தவிர. அதுல ஃபோன் இருக்குதே.

பஜாரே கூடிடுச்சு. தள்ளுவண்டிக்காரர் ஒருத்தரு பின்னாலயே வந்து என் கையைப் பிடிச்சு, "விடும்மா, செத்துகித்துப் போய்டப் போறான்"னாரு. நம்பரைச் சொல்லச் சொல்லுங்க, விட்டுடறேன்னேன். நீ உடையாத இன்னொரு கம்ப்யூட்டர்ல உக்காந்த. உன் மாமன் தரையில உக்காந்து, ரத்தத்தைத் துப்பித் துப்பி, ஃபோனைப் பாத்து நம்பரைப் படிச்சான். அவசரத்துல நீ தப்பா அடிச்சிட்ட. மறுபடி வேற நம்பர் வந்துது. அதையும் படிச்சான். கடை கடியாரம் அஞ்சைத் தொடப் போற நேரம், நீ திரும்பி, "மாத்திட்டேன்மா"ன்ன. அப்புறம்தான் என் காலைப் பாத்தேன். செருப்பைத் தாண்டி கண்ணாடி ஏறியிருந்துது. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்தோம். அக்கா கையால அடிபட்டேன்னு கோர்ட்டுல சொல்ல வெக்கப்பட்டுத்தான் சேகர் கேஸை வாபஸ் வாங்கினான். கம்பெனியில என்னை சஸ்பெண்ட் பண்ணி அப்புறம் சேத்துக்கினாங்க. உனக்கு கோயம்புத்தூர் கிடைச்சுது.

சேகரு, உன் பல்லுக்காக நான் வருத்தப்படல. இன்னைக்கும் படல. ஆனா ஒண்ணு சொல்றேன், தினேஷ் கல்யாணத்துல நீ போடற மாலையை அவன் வாங்கிக்குவான், உன் வீட்டு சாப்பாட்டை நானும் சாப்பிடுவேன். நீ எனக்குத் தம்பிதான்.

தினேஷு, உன்னைத்தான் எனக்கு விளங்கல. மாமன் ஃபோனைப் பாக்கெட்டுல போட்டுத் தட்டினதை நீ பக்கத்துல நின்னு பாத்தவன். கேட்டுக் கம்பியைப் பிடிச்சிக்கினு "என் படிப்பும்மா, என் படிப்பு"ன்னு அழுதவன். இன்னைக்கு உன் தங்கச்சி அழறா, உன் பாக்கெட்டுல ஃபோன் இருக்குது. திங்கக்கிழமை கட் பண்றதுக்கு முன்னாடி நீ சொன்ன கடைசி வார்த்தை இன்னா தெரியுமா? "அவ நல்லதுக்குத்தான்மா." உன் மாமன் சொன்னானே, அதே வார்த்தை. குரல்கூட அவன் குரல் மாதிரிதான் இருந்துது.

நான் அடிதடி கூடாதுன்னு உனக்கு புத்தி சொல்ல வரல. எந்த மூஞ்சியை வெச்சிக்கினு சொல்லுவேன்? உனக்கும் கோபம் ஜாஸ்தி, எனக்கும் ஜாஸ்தி, பாப்பாவுக்கும் கம்மியில்ல. இந்தக் குடும்பத்துல யாரும் கையைக் கட்டிக்கினு நின்னது கிடையாது. நீ மேனேஜர் கார் மேல கல்லு விட்டப்ப நான் உன்னைத் திட்டல. ஆனா ஒண்டியா உக்காந்து காலேஜ் பேரு எழுதிக்கினு இருந்த பொண்ணை அடிச்ச பாரு, அதுக்கு எனக்கு உன்னை வெட்டிப் போடலாம்னு இருக்குது. அவ திருப்பி அடிக்க மாட்டான்னு தெரிஞ்சுதானே அடிச்ச. அவளுக்கு உன்மேல மரியாதைடா. சின்ன வயசுல இருந்து, எங்கண்ணன் இஞ்சினியர்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சவ.

உனக்கு பயம்னா பயமுன்னு சொல்லு. அப்பா மாதிரி இவளையும் கயித்துல கட்டி இழுக்க வேண்டி வந்துடுமோன்னு பயமா? எனக்கும் பயம்தான். தூக்கத்துல இன்னும் அந்த சேத்தைத் துடைச்சிக்கினு இருக்கேன். அதை அவகிட்ட சொல்லு, உக்காந்து அழு, சண்டை போடு, பேசவே பேசாத, அவ சென்னைக்குப் போறப்ப வழியனுப்பக்கூட வராத. அதெல்லாம் உன் இஷ்டம். ஆனா அவ வரிசை அவளுது. உன் வரிசை உன்னுதா இருக்கணும்னுதான் உன் மாமன் பல்லு போச்சு.

புதன்கிழமை நான் லீவு சொல்லிட்டேன். மத்தியானத்துல இருந்து பாப்பாவும் நானும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரௌசிங் சென்டர்ல இருப்போம். நாலு மணிக்கு அவ பட்டனை அமுக்குவா. உன் ஃபோன்ல நம்பர் வந்து நிக்கும். மீட்டிங்ல இருந்தா எழுந்து வெளிய வா. வரலேன்னா நான் பெங்களூருக்கு வருவேன், உன் கம்பெனி எந்த மாடின்னு எனக்குத் தெரியும், சுத்தி இன்னும் என் பையிலதான் இருக்குது. அது வேணாம். என் ஃபோனுக்கு நீயே கூப்பிடு. பாப்பாதான் எடுப்பா. அவகிட்ட மன்னிப்புக்கூடக் கேக்க வேணாம், நம்பரை மட்டும் ஒவ்வொண்ணா படி. வழக்கமா ஃபோன் வெச்சிக் கேக்கற காதுல கட்டு போட்டிருக்குது, இன்னொரு காதுல வெச்சித்தான் கேப்பா, அது அவளுக்குப் பழக்கமில்ல. அதனால கொஞ்சம் சத்தமா படி.

அம்மா